தாம்பரத்து வீட்டில் ‘உர்ர்’ சத்தம்... குற்றவாளி சவுண்ட் கார்டா, சுவரா?

தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், தென்சென்னைப் புறநகரைக் காதாலேயே சுற்றிப்பார்த்துவிடலாம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம், வழியெல்லாம் கூடவே வரும் ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன், திரிசூலத்தில் தலைக்கு மேல் விமானம். 1931-ல் மீட்டர்கேஜ் மின்சார ரயில் வந்ததிலிருந்து இந்தத் தடத்தில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை.

இந்தத் தடத்தின் இருபுறமும் உள்ள வீடுகளில் இப்போது ஏதாவது ஓர் அறையில் ஒரு மைக் இருக்கிறது. ஆன்லைன் பாட்டு வகுப்பு, கணக்கு ட்யூஷன், யூடியூப் சமையல், ஆபீஸ் மீட்டிங் என்று ஆளுக்கொரு தேவை. எல்லோருக்கும் பொதுவான புகார், பேச்சுக்கு அடியில் ஓடும் ஒரு ‘உர்ர்’ சத்தம். “கம்ப்யூட்டரோட வர்ற ஆடியோ அப்படித்தான், தனியா சவுண்ட் கார்டு வாங்கிடுங்க” என்று யாராவது யோசனை சொல்வார்கள். வாங்கிய பிறகும் அந்த ‘உர்ர்’ போகாத வீடுகள் உண்டு. ஏன்? தாம்பரத்திலிருந்தே ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்துவிடலாம்.

தாம்பரம்: 196-க்கும் 200-க்கும் நடுவில்

சேலையூர் பக்கம் வீட்டிலிருந்தபடியே அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சுருதி 5 கட்டை. அதாவது, அவருடைய ஸட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அது ஆடியோவில் கசிந்தால் 50, 100, 150, 200 என மடங்கு மடங்காக ரீங்காரம் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் லேப்டாப் ஸ்பீக்கரில் பெரும்பாலும் கேட்காது. 200 நன்றாகவே கேட்கும். அது பலமாக இருந்தால், 196-ல் நிற்கும் ஸட்ஜத்தோடு உரசி, நொடிக்கு நான்கு முறை நடுங்குவது போன்ற ஒலியை உண்டாக்கும்.

மீட்டிங்கில் அது வெறும் இரைச்சல். பாட்டு வகுப்பில் அபசுருதி. ஸட்ஜத்தில் நிற்கவே இப்போதுதான் பழகும் குழந்தைக்கு, எதைப் பிடித்துக்கொள்வது என்பதே குழம்பிவிடும்.

குரோம்பேட்டை: உள்ளே வருவதும் வெளியே போவதும்

1949-ல் சி.ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. இங்கேதான் இருக்கிறது. அப்துல் கலாம் விமானவியல் படித்ததும், எழுத்தாளர் சுஜாதா எலெக்ட்ரானிக்ஸ் படித்ததும் இந்த வளாகத்தில்தான். கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ் பேச இதைவிடப் பொருத்தமான ஸ்டேஷன் கிடைக்காது.

ஆரம்பகால பி.சி.க்களுக்கு ‘பீப்’ சத்தம் மட்டுமே தெரியும். பாட்டு கேட்கத் தனி கார்டு செருக வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அப்படித்தான் புகழ்பெற்றது. 1997-ல் இன்டெல் ஒரு பொதுவான ஆடியோ தரத்தை வகுத்தது. மதர்போர்டிலேயே சின்ன சிப்பாக ஆடியோ வர ஆரம்பித்தது. 2004-ல் ‘எச்.டி. ஆடியோ’ வந்தபின், பெரும்பாலானோருக்குத் தனி கார்டு தேவையில்லாமல் போனது.

பல மதர்போர்டுகளில் இருக்கும் ரியல்டெக் ஏ.எல்.சி. 892 என்ற சாதாரண சிப்பையே பாருங்கள். அது வெளியே அனுப்பும் ஒலியில், பாட்டுக்கும் சிப்பின் சொந்த இரைச்சலுக்கும் நடுவில் 97 டெசிபல் இடைவெளி உண்டு என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. சி.டி.யின் 16 பிட் ஒலிக்கே அந்த இடைவெளி சுமார் 96 டெசிபல்தான். ஆக, பாட்டு கேட்க, படம் பார்க்க, மீட்டிங்கில் பிறர் பேசுவதைக் கேட்க ஆன்போர்டு ஆடியோ தாராளமாகப் போதும்.

சிக்கல் மைக் பக்கம். மைக்கிலிருந்து வரும் சிக்னல் வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பலமடங்கு பெருக்கும்போது, பக்கத்தில் ஓடும் ஃபேன், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை எல்லாவற்றின் இரைச்சலும் சேர்ந்து பெருகும். டெஸ்க்டாப்பின் முன்பக்க மைக் துளையிலிருந்து ஒரு மெல்லிய வயர் கேபினட்டுக்குள் சுற்றிக்கொண்டு மதர்போர்டுக்குப் போகிறது. பின்பக்கத் துளை மதர்போர்டிலேயே இருக்கிறது. அதனால் செலவே இல்லாத முதல் வைத்தியம், மைக்கைப் பின்னால் செருகுவது.

பல்லாவரம்: பாறையும் எர்த்தும்

பல்லாவரம், பரங்கிமலை பக்கத்துப் பாறைக்கு உலகப் புகழ் உண்டு. அதன் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் வந்த பெயர். இங்குள்ள பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

மைக்குக்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம்? எர்த்! ஈரமான களிமண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும். பாறையிலும் காய்ந்த மண்ணிலும் சுலபத்தில் பிடிக்காது. குழி தோண்டி உப்பும் கரியும் போடுவதும், கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் இதனால்தான். பழைய தனி வீடுகளில் பிளக் பாயின்ட்டில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதில் வயரே இருக்காது.

எர்த் சரியில்லாத வீட்டில், மூன்று பின் சார்ஜர் போட்ட லேப்டாப்பின் மெட்டல் உடம்பைத் தொட்டால் லேசாகக் கூசும். ‘உர்ர்’ சத்தத்துக்கும் பல வீடுகளில் இதுவே காரணம். புதிதாக வாங்கும் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டும் அதே கம்ப்யூட்டரிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. அதனால் எர்த் கோளாறு அதையும் விடாது.

கண்டுபிடிப்பது எளிது:

* மைக்கைச் செருகி, யாரும் பேசாமல் 10 நொடி ரெக்கார்டு செய்யுங்கள்.
* லேப்டாப் என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டு இன்னொரு 10 நொடி.
* சார்ஜரோடு ‘உர்ர்’, கழற்றினால் அமைதி என்றால், கோளாறு மின்சாரம் வரும் வழியில். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.
* கழற்றியும் ‘ஸ்ஸ்’ என்று இரைந்தால் மைக்கையோ, ஆன்போர்டு மைக் பகுதியையோ சந்தேகப்படலாம்.

சத்தம் போகிறதே என்று எர்த் பின்னை உடைப்பது, மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் போடுவது இரண்டும் வேண்டாம். உயிருக்கே ஆபத்து.

திரிசூலம்: வெளியே இருக்கும் சத்தம்

குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது சட்டம் சொல்லும் வரம்பு. ஜி.எஸ்.டி. சாலையோர வீடுகளில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே 45 டெசிபல் சத்தம் இருக்கும்போது, 97 டெசிபல் சிப்பை மாற்றி 120 டெசிபல் கார்டு போட்டாலும் வித்தியாசம் காதுக்கு எட்டாது.

விமானச் சத்தத்தை எந்தக் கார்டும் தடுக்காது. ஆனால், மைக் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் என்பது நம் கையில் இருக்கிறது. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். சாலையைப் பார்க்காத பின்னறை, துணி நிறைந்த பீரோ, முதுகு ஃபேன் பக்கம் இருக்கும்படி வைத்த மைக். இவ்வளவு செய்தாலே பாதி இரைச்சல் அடங்கிவிடும்.

பாட்டு டீச்சர்களுக்கு இன்னொன்று. ஜூம் போன்ற செயலிகள் விடாமல் ஒலிக்கும் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். தம்புராவும் அவற்றுக்கு ஃபேன் மாதிரிதான்! ஜூம் செட்டிங்ஸில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை ஆன் செய்தால் சுருதி மறுமுனைக்குப் போய்ச்சேரும். அப்போது ஃபேன் சத்தமும் கூடவே போகும் என்பதால், அறையை முதலில் சரிசெய்துவிட வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட் போவதற்கு முன்

இத்தனைக்குப் பிறகும் ‘ஸ்ஸ்’ நிற்கவில்லையா? வாரம் முழுக்க வகுப்பெடுத்து, அதில்தான் வீட்டுச் செலவு ஓடுகிறதா? அப்படியானால் தனிக் கருவி வாங்குவது நியாயமான செலவு. பேச்சுக்கு யு.எஸ்.பி. மைக் ஒன்றே போதும். கச்சேரி மைக்கைச் செருக வேண்டும் என்றால், மைக் சிக்னலைச் சுத்தமாகப் பெருக்கிக் கொடுக்கும் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ தேவைப்படும். அதற்குச் சில ஆயிரங்கள் ஆகும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரயில் ஏறும்போது அந்த இரண்டு 10 நொடி ரெக்கார்டிங்குகளையும் போனில் எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் “நல்ல சவுண்ட் கார்டு குடுங்க” என்று கேட்பதற்குப் பதில், “இந்தச் சத்தம் போகணும், எது சரிவரும்?” என்று போட்டுக் காட்டுங்கள்.