பனியும் முகமும்

மலையகத்தாருக்குப் பனிமூட்டம் புதியதன்று. கண்முன் நின்ற தேயிலைச் சரிவு சிறிது நேரத்திற் கரைந்து போவதும், கொழுந்தெடுக்கும் பெண்களின் குரல் மட்டும் எஞ்சி நிற்பதும் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் அன்றாடக் காட்சிகள். அப்பனி தானே வருவது; தானே விலகுவது. மனிதன் தன் தேவை கருதி ஆக்கிக்கொண்ட பனியும் ஒன்றுண்டு. காணொளி தொகுக்கும் மென்பொருளில் இணைத்துப் பயன்படுத்தும் ‘கௌஸியன் மங்கல்’ என்னும் வடிகட்டியே அது.

அதன் செயன்முறை எளியது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சூழவுள்ள புள்ளிகளின் நிறங்களையும் சேர்த்துச் சராசரி காணப்படுகிறது. அண்மையில் உள்ளவற்றுக்குப் பெருமதிப்பு; சேய்மையில் உள்ளவற்றுக்குச் சிறுமதிப்பு. அம்மதிப்புகள் மணியின் வடிவையொத்த வளைகோட்டில் அமைகின்றன. கணிதமேதை கார்ல் பிரீட்ரிக் கௌஸ் 1809இல் வெளியிட்ட வானியல் நூலில், அளவீட்டுப் பிழைகளை ஆராயக் கையாண்ட வளைகோடு அது. பிழையை அறிய உதவிய கோடு இன்று முகத்தை மறைக்க உதவுகிறது.

தோட்டத்திற் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஒருவன் லய வாழ்க்கை பற்றிக் குறும்படம் ஒன்று தொகுத்தான். கூரை ஒழுகுவதையும், கொழுந்து நிறுக்கையிற் கிலோ வெட்டப்படுவதையும் மூதாட்டி ஒருவர் அதிற் சொல்லியிருந்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: “மொகம் மட்டும் தெரிய வேணாம் தம்பி. நாளைக்கும் நான் அதே மலைக்குத்தானே போகணும்.”

மாணவன் சிறிய மாதிரிப் படத்தில் மங்கலின் ஆரத்தை 10 என வைத்துப் பார்த்தான், போதுமெனத் தோன்றியது. முழு அளவுப் படத்திலோ கண்ணும் மூக்கும் புலப்பட்டன. ஆரம் புள்ளிகளை எண்ணுவது. படம் பெருக்கப் பெருக்க முகம் கொள்ளும் புள்ளிகளும் பெருகுமன்றோ? ஆரத்தை உயர்த்தினான். மூதாட்டி தலையசைத்தபோது முகம் மறைப்பு வட்டத்தை விட்டு நழுவியது. விநாடிக்கு 25 சட்டங்கள் ஓடும் படத்தில், ஒரு நிமிடத்துக்கு 1500 சட்டங்கள். அவற்றுள் ஒன்று தவறினும் வாக்குத் தவறும். இரவிரவாக ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தான்.

மறுநாள் அதே தோட்டத்து நண்பன் ஒருவன் படத்தைப் பார்த்தான். முகம் முற்றும் மறைந்திருந்தது. ஆயினும் அவன் உடனே, “இது நம்ம மேட்டு லயத்து ஆயால்ல?” என்றான். குரல், கொங்காணி கட்டிய விதம், பின்னே தெரிந்த நீலக் கதவு ஆகிய மூன்றும் காட்டிக் கொடுத்துவிட்டன. அந்நியரிடமிருந்து காக்கும் மங்கல் அறிந்தவரிடமிருந்து காப்பதில்லை. மூதாட்டி அஞ்சியதோ அறிந்தவரையே.

மங்கலுக்கும் மலையகத்துக்கும் பழைய தொடர்பொன்றுண்டு. கூர்மையற்ற மென்படங்களுக்காகப் பழிப்பும் புகழும் ஒருங்கே பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் மறைந்து, பொகவந்தலாவையில் அடங்கியவர். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த டெனிசனும் டார்வினும் பெயரோடு நிற்கின்றனர். இலங்கையில் அவர் படமெடுத்த உழைப்பாளர் பலருக்கு முகம் உண்டு; பெயர் இல்லை. பின்வந்த சட்டங்களோ முகத்தையும் விட்டுவைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. யாருடைய விருப்பமும் கேளாது பூசப்பட்ட மங்கல் அது.

மூதாட்டி கேட்டதோ தாமே விரும்பிய மறைவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது. மாணவன் தன் தொகுப்பைக் கலைத்தான். குரலுக்குப் பதிலாக வேறொருத்தி அவர் சொற்களை வாசித்தாள், கதவு நீங்கியது, கொழுந்து கிள்ளும் விரல்கள் மட்டும் எஞ்சின. படத்தை லயத்துக்கு எடுத்துச் சென்று கைப்பேசியிற் காட்டினான். மூதாட்டி நெடுநேரம் உற்று நோக்கினார்.

“கை என்னோடதுதான். ஆனா எல்லாருக்கும் இப்படித்தானே இருக்கு” என்றார்.

அதன் பின்னரே படம் மன்றத்திற் காட்டப்பட்டது.