இரண்டு விரற்கடை

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பெரியதோர் ஏரியை ஒட்டி அமைந்த ஊர் தாமல். வராகீசுவரராகச் சிவபெருமானும் தாமோதரனாகத் திருமாலும் எழுந்தருளியிருக்கும் தலம். 'தாமம்' என்றால் கயிறு. 'உதரம்' என்றால் வயிறு. யசோதை உரலோடு சேர்த்துக் கட்டிய கயிற்றின் தழும்பைத் திருவயிற்றில் தாங்கிச் சேவை சாதிப்பவர் இவ்வூர்ப் பெருமாள் என்று பெரியோர் சொல்வர். தாயாரின் திருநாமம் திருமாலழகி.

இந்தப் பெருமாளைச் சேவிக்காமல் காலையில் பச்சைத் தண்ணீரும் பருகுவதில்லை என்ற நியமத்தோடு வாழ்ந்த மூதாட்டி ஒருவர் இவ்வூரில் இருக்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. மணமாகி இவ்வூருக்கு வந்த நாள் முதல் மழை, வெயில் பாராமல் சந்நிதிக்குச் சென்று துளசியும் தீர்த்தமும் பெற்ற பிறகே அடுப்படிக்குள் நுழைந்தவர். முழங்கால்கள் தளர்ந்தன, பின்னர் வாசற்படி இறங்குவதும் இயலாததாயிற்று. ஆயினும் நியமத்தைக் கைவிட மனம் ஒப்பவில்லை. அப்போது அவருக்குத் துணையாக வந்தது, கூடத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டி.

தனியார் அலைவரிசை ஒன்றின் காலை நிகழ்ச்சியில், சரியாக ஏழு மணிக்குத் திருக்கோயில் தரிசனம் ஒளிபரப்பாகும். நாளுக்கு ஒரு தலம், பத்து நிமிடம். மூதாட்டி நீராடி, திருமண் இட்டு, ஆறே முக்காலுக்குச் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் ஒரு மிடறு நீருடன் விழுங்கிவிட்டுப் பெட்டியின் எதிரே அமர்வார். மருந்துக்கான அந்த ஒரு மிடறுக்கு மட்டும் பெருமாளிடம் விலக்குப் பெற்றிருந்தார். திரையில் கற்பூர ஆரத்தி எழும்போது கை கூப்புவார். ஏழு பத்துக்கு மருமகள் இட்லித் தட்டை வைப்பாள். இவ்வாறே ஆறு ஆண்டுகள் கடந்தன.

அந்தத் தரிசனப் பகுதியைத் தொகுத்தவர் வேறு யாரும் அல்லர். சென்னையில் அதே நிறுவனத்தில் படத்தொகுப்பாளராகப் பணியாற்றும் அவருடைய பேரனே. "என் பேரன் தினமும் எனக்கு ஒரு கோயிலை அனுப்பி வைக்கிறான்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அவர் சொல்லி மகிழ்வார்.

ஒரு தை மாதத்தில் நிறுவனம் அந்தக் காலை நிகழ்ச்சியைப் புதுப்பிக்க முடிவெடுத்தது. புதிய பெயர், புதிய முகப்பிசை, புதிய அரங்கு, இளம் தொகுப்பாளர்கள். தரிசனப் பகுதி எட்டரை மணிக்குத் தள்ளப்பட்டது. ஏழு மணிக்குத் திரைப்படச் செய்திகளும் விருந்தினர் உரையாடலும் என்று பட்டியல் தயாராயிற்று.

இத்தகைய மாற்றம் தொலைக்காட்சி உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் 1952 ஜனவரி 14 அன்று 'டுடே' நிகழ்ச்சியைத் தொடங்கியது. காலை உணவு வேளையில் படப்பெட்டியைத் திறக்கும் வழக்கத்திற்கு அது வழிகோலியது. நம் நாட்டில் தூர்தர்ஷன் 1987இல் காலை ஒளிபரப்பைத் தொடங்கியது. 1975 ஆகஸ்டு 15 அன்று பிறந்த சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் தமிழ் அலைவரிசை, பல்லாண்டு 'பொதிகை' என வழங்கி, 2024 ஜனவரி 19 அன்று 'டிடி தமிழ்' என்ற பெயரில் புதுக்கோலம் பூண்டது. 1993ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு நாளில் தோன்றிய சன் தொலைக்காட்சியில், காலை வேளை 'வணக்கம் தமிழகம்', 'சூரிய வணக்கம்', 'வணக்கம் தமிழா' எனக் காலத்திற்கொரு பெயர் தாங்கி வந்தது. விளம்பரம் தருவோர் பார்வையாளர் எண்ணிக்கையைக் கொண்டே விலை பேசுகின்றனர். அந்த எண்ணிக்கை தளரும்போதெல்லாம் பெயரையும் முகத்தையும் மாற்றிப் பார்ப்பது அத்தொழிலின் இயல்பு.

புதிய நிகழ்ச்சி தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில், ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அதற்கான முன்னோட்டம் நீண்ட நேரம் ஒளிபரப்பானது. தரிசனம் வரவில்லை. மூதாட்டி காத்திருந்தார். ஏழரை ஆயிற்று. "சாப்பிட்டுவிடுங்கள் அத்தை" என்றாள் மருமகள். "இதோ வந்துவிடும்" என்றார் அவர். ஏழே முக்காலுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது, கைகள் நடுங்கின, கூப்பிய கரம் சரிய, நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். மாத்திரை வேலை செய்துகொண்டிருக்க, வயிற்றில் உணவு இல்லாததால் இரத்தத்தில் சர்க்கரை வேகமாக இறங்கிவிட்டது. நல்லவேளையாக நினைவு தப்பவில்லை. மருமகள் பதறி, சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த செவிலியர், இன்னும் சிறிது தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும் என்று எச்சரித்துச் சென்றார்.

சனிக்கிழமை பேரன் ஊருக்கு ஓடிவந்தார். பாட்டியின் அருகில் அமர்ந்து, கைப்பேசியைத் திறந்து காட்டினார். அதுவரை தாம் தொகுத்த தலங்கள் அனைத்தும் அதில் இருந்தன.

"இனி நீங்கள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் பாட்டி. எப்போது வேண்டுமானாலும் இதைத் தொட்டால் போதும், பெருமாள் வருவார்."

மூதாட்டி அந்தச் சிறு திரையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார்.

"கண்ணு, நான் கூப்பிடும்போது வருவது படம். அவர் திரை விலக்கும் நேரத்திற்கு நான் போய் நிற்பதுதான் சேவை. கோயிலில் மணி அடிக்கும்போது எத்தனை பேர் ஒன்றாகக் கை கூப்புவார்கள்! ஏழு மணிக்கு இங்கே உட்கார்ந்தால், என்னைப் போல நடக்க முடியாதவர்கள் எங்கெங்கோ இதே நேரத்தில் கை கூப்புகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. இந்தக் கைப்பேசியில் நான் மட்டும்தானே இருக்கிறேன்?"

பேரனிடம் மறுமொழி இல்லை. சமையலறையிலிருந்து வந்த மருமகளின் குரலில் கவலையும் கண்டிப்பும் கலந்திருந்தன. "பெருமாள் உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னாரா அத்தை? யசோதை கட்டிப்போட்டது வெண்ணெய் தின்ற பிள்ளையை. பட்டினி கிடந்த பிள்ளையை அல்ல!"

மூதாட்டி சிரித்துவிட்டார். பாகவதத்தில் வரும் அந்தக் கதையைத் தாமே எடுத்துரைத்தார். யசோதை கயிற்றைக் கொண்டு கட்ட முயல்கிறாள். இரண்டு விரற்கடை குறைகிறது. இன்னொரு கயிற்றை முடிகிறாள். அப்போதும் இரண்டு விரற்கடை குறைகிறது. வீட்டிலிருந்த கயிறுகளையெல்லாம் சேர்த்தும் அதே குறை. தாயின் மேனி வியர்த்து, குழலில் சூடிய மலர்கள் உதிர்வதைக் கண்டு மனம் இரங்கிய பிறகே கண்ணன் கட்டுண்கிறான். "கயிற்றின் நீளத்தால் அவனைக் கட்ட முடியாது, அவனாக இசைய வேண்டும். உங்கள் நிகழ்ச்சிக்காரர்கள் புதுப்புதுக் கயிறாக முடிகிறார்கள் போலிருக்கிறது" என்றார்.

அந்தச் சொல் பேரனின் நெஞ்சில் தங்கிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சிக் குழுவின் கூட்டத்தில், பேசுவதற்கு அனுமதி கேட்டு எழுந்தார். பாட்டிக்கு நேர்ந்ததை முதலில் சொல்லவில்லை. கோயில்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் முறையைச் சொன்னார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருக்கோயில்களில் திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது மரபு; வைணவ ஆலயங்களில் அது சம்ப்ரோக்ஷணம் எனப்படும். கோபுரம் வண்ணம் மாறும், தளம் மாறும், பழுதுபட்ட சுதைச் சிற்பங்கள் புத்துருப் பெறும். ஆனால் பணி தொடங்குமுன் பாலாலயம் அமைத்து, மூலவரின் சாந்நித்யத்தை அங்கே எழுந்தருளச் செய்துவிடுவர். கருவறையில் வேலை நடக்கும். வழிபாடு ஒரு வேளையும் நிற்காது. திருமலையில் நாள்தோறும் வைகறையில் ஒலிக்கும் சுப்ரபாதம், காஞ்சியைச் சேர்ந்த பிரதிவாதி பயங்கரம் அண்ணன் அருளியது. மார்கழி மாதம் முழுவதும் அதற்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. சொல் மாறுகிறது, துயிலெழுப்பும் தொண்டு மாறுவதில்லை.

"நாமும் எல்லாவற்றையும் மாற்றலாம். ஏழு மணியை மட்டும் பாலாலயத்தில் வைத்துக் காப்போம்" என்று முடித்தார்.

நிகழ்ச்சித் தலைவர் பக்தியில் நெகிழ்பவர் அல்லர், எண்ணிக்கை பார்ப்பவர். "கோயிலுக்குச் சரி; தொழிலுக்கு இது பொருந்துமா?" என்று கேட்டார்.

பேரன் அதற்கும் விடை வைத்திருந்தார். இங்கிலாந்தில் ஐ.டி.வி. அலைவரிசையில் 1993 முதல் பதினேழு ஆண்டுகள் காலை வேளையை நடத்திய 'ஜி.எம்.டி.வி.' என்ற பெயரை நீக்கி, 2010 செப்டம்பர் 6 அன்று 'டேபிரேக்' என்ற புதிய நிகழ்ச்சியைத் தொடங்கினர். பி.பி.சி.யில் புகழ்பெற்ற இரு தொகுப்பாளர்களை அழைத்து வந்தனர். எதிர்பார்த்த நேயர்கள் சேரவில்லை. ஏறத்தாழ பதினைந்து மாதங்களில் அவ்விருவரும் விலக நேர்ந்தது. மீண்டும் முகங்களை மாற்றியும் பயனில்லை. 2014 ஏப்ரல் 28 அன்று அந்த இடத்தில் வேறொரு நிகழ்ச்சி வந்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'குட் மார்னிங் பிரிட்டன்'. அது 1983இலேயே, அந்நாட்டில் காலை ஒளிபரப்பு தொடங்கிய ஆண்டில், 'டிவி-ஏஎம்' நிறுவனம் தன் நிகழ்ச்சிக்கு வைத்திருந்த பெயர்!

"காலையில் மனிதர்கள் புதுமையைத் தேடுவதில்லை ஐயா. நேற்றைப் போலவே இன்றும் விடிந்திருக்கிறது என்ற உறுதியைத் தேடுகிறார்கள். பல் துலக்கிக்கொண்டே, பால் காய்ச்சிக்கொண்டே, பெட்டியில் ஒலிக்கும் குரலைக் கொண்டு மணி அறிகிறார்கள். அந்தக் குரல் நேரம் தவறினால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்" என்றார். அதன் பிறகே தாமலில் நடந்ததைக் கூறினார். அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

முடிவு முழு வெற்றியாக அமையவில்லை. தரிசனம் ஏழு மணிக்கே தொடரும்; ஆனால் பத்து நிமிடம் ஐந்தாகக் குறையும். அதுவும் முதல் 48 நாட்களுக்கு மட்டும். பிறகு எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றார் தலைவர். குடமுழுக்கிற்குப் பின் ஆலயங்களில் மண்டல பூசை நடைபெறும் கால அளவும் 48 நாள் என்பதை அவர் அறிந்து சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்பது பேரனுக்கு விளங்கவில்லை.

செய்தியைத் தொலைபேசியில் கேட்ட மூதாட்டி, "ஐந்து நிமிடமா? திருமலையில் ஐந்து நொடி நிற்க விடுகிறார்களா? இது தாராளம் கண்ணு" என்றார்.

அவரும் ஒன்றை விட்டுக்கொடுத்தார். ஏழே காலுக்குள் தரிசனம் வராவிட்டால், தாமோதரன் சந்நிதி இருக்கும் திசை நோக்கிக் கண்மூடிக் கை கூப்பிவிட்டு உணவு கொள்வதாக மருமகளுக்கு வாக்களித்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் கண்ட திருமேனி, கண்ணை மூடினால் தோன்றாமலா போய்விடும்? "நியமத்தை விடவில்லை, நியமத்திற்கு ஒரு பாலாலயம் கட்டியிருக்கிறீர்கள் அத்தை" என்றாள் மருமகள், கணவன் வழியாகக் கேட்ட சொல்லைக் கொண்டு.

புதிய நிகழ்ச்சி புதிய பெயரோடு தொடங்கியது. ஊர்ச்சுவர்களிலும் பேருந்துகளின் பின்புறத்திலும் அப்பெயர் பளிச்சிட்டது. மூதாட்டியின் நாவில் மட்டும் அது ஏறவே இல்லை. பழைய பெயரும் அவருக்கு ஒருபோதும் தெரிந்திருக்கவில்லை. அவருக்கு அது என்றும் 'ஏழு மணிப் பெருமாள்'தான்.

நாற்பத்தெட்டு நாட்கள் நிறைவடைந்தன. தரிசனத்தை நிறுத்தும்படி ஆணை எதுவும் வரவில்லை. தொடரும்படியும் எவரும் எழுதித் தரவில்லை. பேரன் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவும் இல்லை. இரவுப் பணியில் வந்து அமர்ந்ததும், மற்ற பகுதிகளைத் தொடுமுன் மறுநாள் காலைக்கான தலத்தை முதலில் தொகுத்து முடித்து, ஏழு மணிக்கு நேராக அதை வரிசையில் ஏற்றிவிடுகிறார். அதன் பிறகே தேநீர் அருந்த எழுகிறார்.