டின்னில் எரிந்த கம்பி

உங்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். பயன்படாத கைத்தொலைபேசி ஒன்றாவது கிடக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் வீட்டில் மூன்று கிடந்தன. கூடவே ஒரு பழைய கணினி, கூடை நிறையக் கம்பிகள்.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்திற்குப் போனபோது, எங்கள் தோட்டத்துப் பெற்றோர் கடன்பட்டுக் கைத்தொலைபேசி வாங்கினார்கள். நானும் புதிதாக ஒன்று வாங்கினேன். பழையது கெட்டுப்போகவில்லை, புதிய செயலிகள் அதில் ஏறவில்லை, அவ்வளவுதான். கெடாத பொருளைத் தூக்கிப்போடச் சொல்லும் இந்த வியாபாரம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் தாயார் ஒரே தையல் இயந்திரத்தை முப்பது வருடம் ஓட்டியவர்.

என் மாணவன் ஒருவனின் தகப்பனார், வேலை முடிந்தபின் பழைய சாமான் சேர்த்து விற்பவர். எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். இல்லாதவருக்கு உதவினோம் என்று மனத்தில் ஒரு திருப்தி வேறு!

அடுத்த வாரம் லயத்துப் பக்கம் போனபோது கரும்புகை மூக்கைத் துளைத்தது. தகர டின்னில் என் வீட்டுக் கம்பிகள் எரிந்துகொண்டிருந்தன. பையன் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான். மேலுறை எரிந்தால் செம்பு மிஞ்சும். ஆனால் அந்த உறை பி.வி.சி. பிளாஸ்டிக், எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கும். செம்பும் அதற்குத் துணைபோகும். கணினிப் பலகையிலுள்ள ஈயமோ பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுப்பது.

2022-இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். இலக்கவியல் பொருளாதாரம் காகிதத்தை மிச்சப்படுத்தும், மரத்தைக் காக்கும் என்று வகுப்பில் பாடம் சொன்னவள் நான்.

"அண்ணே, இதை எரிக்காதீங்க" என்றேன்.

"சுட்டா ஒரு மணி நேரம், டீச்சர். உரிச்சா ரெண்டு ராத்திரி" என்றார்.

கோபிக்க எனக்கு என்ன உரிமை? சாமான் என்னுடையது.

பட்டணத்து இரும்புக் கடையில் விசாரித்தேன். கருகிய செம்பைவிட உரித்த செம்புக்கு விலை கூடுதல். அதைச் சொன்னபிறகுதான் அவர் கத்தியை எடுத்தார். பலகைகளையும் பேட்டரிகளையும் மாதம் ஒருமுறை நான் பட்டணத்து மின்கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் சேர்க்கிறேன். அங்கே காசு கிடையாது. அவருக்குச் சேரவேண்டிய சில வெள்ளியை நானே கொடுத்துவிடுகிறேன். எத்தனை மாதம் முடியுமோ!

போன வாரம் அவர் கேட்டார்: "பக்கத்துத் தோட்டத்திலேயும் கம்பி சுடுறாங்களே டீச்சர், அவங்களுக்கு யாரு குடுப்பா?"