சத்தமில்லாத விமானம்

சம்பூரிலிருந்து திருகோணமலைக்கு முன்னரெல்லாம் மூதூர் போய் லோஞ்ச் ஏறுவோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலேயே போகலாம். வழியில் சீனக்குடா விமானத்தளம் வரும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட இடம் அது. அவ்விடம் வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். 2006 ஏப்ரலில் எங்கள் பக்கம் கிபிர் வந்தபோது, கைப்பிள்ளையோடு பனையடியில் குப்புறக் கிடந்தவள் நான். அதன் பின் இடப்பெயர்வு, முகாம். ஊர் திரும்பப் பத்து வருடமாயிற்று.

சென்ற மாதம் நகரிலுள்ள தங்கை வீட்டுக்குப் போனேன். அவளுடைய மகன் திண்ணையிலிருந்து விமானம் செய்துகொண்டிருந்தான்.

"செய்ய வேற சாமானே கிடைக்கேல்லையா?" என்று ஏசிவிட்டேன்.

"பெரியம்மா, இது சத்தம் போடாது" என்றான்.

பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூங்கிலை மெல்லிய சிம்பாகச் சீவி உடல். தென்னை ஈர்க்கில் இறக்கைச் சட்டம். அதன்மேல் ரிசுப் பேப்பரைப் பசை பூசி ஒட்டினான். தண்ணீர் தெளித்து நிழலில் காயவிட, தாள் தானாகவே இறுகியது. இறக்கைகளைச் சற்று மேல்நோக்கி வளைத்தால்தான் சரியாது பறக்குமாம். பிளாஸ்டிக் போத்தலில் வெட்டிய விசிறியை றப்பர் நாடா சுழற்றும். கையில் வைத்தால் வாழைச்சருகின் பாரம்கூட இல்லை.

இது புதிய விளையாட்டல்ல. 1871இல் பாரிஸ் நகரில் அல்போன்ஸ் பெனோ என்பவர் றப்பர் முறுக்கில் ஓடும் சிறு விமானத்தை 11 செக்கன் பறக்கவிட்டார். அவர் வகுத்த முறையில் அமைந்த பறக்கும் பொம்மை ஒன்றைத் தகப்பன் வாங்கிக் கொடுத்ததால்தான் ரைட் சகோதரர்களுக்குப் பறக்கும் ஆசை வந்தது.

மறுநாள் விடியற்காலை, காற்று எழும்ப முன், டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போனோம். முதல் முறை மூக்குத் தூக்கி, நின்று, விழுந்தது. மூக்கில் கொஞ்சம் மெழுகு வைத்தான். இரண்டாம் முறை மெதுவாக வட்டமிட்டது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். குனியவில்லை.

இறங்கும்போது இறக்கையில் சிறு கிழிசல். வீட்டுக்கு வந்து சோற்றுப் பசையால் நானே ஒட்டினேன்.

சகோதரிகளே, வானத்தைக் கண்டு எமக்கு வந்த பயம் ஒரு நாளில் போகாது. ஆனால் பிள்ளைகளுக்கு அந்தப் பயத்தை நாம் கொடுக்க வேண்டியதில்லை. ஈர்க்கும் தாளும் எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் இருந்தால் போதும்.