நட்டஈட்டுக் கணக்கு

இலங்கையின் தெருக்களில் ஓடும் மோட்டார் வாகனம் ஒவ்வொன்றும் மூன்றாந் தரப்பினர் பொருட்டுக் காப்புறுதி பெற்றிருத்தல் வேண்டுமென்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டளை. சொந்தக்காரர் பலருக்கு அது நினைவில் வருவது வண்டி மோதிய பின்னரே.

கம்பனிக்கு அறிவித்தல், பொலிசில் முறைப்பாடு, மதிப்பீட்டாளரின் வருகை, கராச்சின் செலவுப் பட்டியல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக நடந்தேறும். சிக்கல் கணக்கிலேதான் தொடங்குகின்றது. காப்புறுதி இழந்ததை ஈடுசெய்யுமேயன்றி இலாபமீட்டித் தராது. எனவே பழைய வண்டிக்குப் புதிய மட்காட் பூட்டினால், தேய்மானமென ஒரு பங்கு கழிக்கப்படுவதுண்டு. கட்டணத்தை மிச்சம்பிடிக்க எண்ணி, 40 இலட்சம் ரூபா பெறுமதியான காரை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர் நிலை இன்னும் பரிதாபம். சராசரி நிபந்தனை அடங்கிய ஒப்பந்தமாயின், 4 இலட்சம் ரூபா சேதத்துக்கு அவர் கையிற் சேர்வது 2 இலட்சமே. பாதிக் கட்டணம் செலுத்தியவருக்குப் பாதி ஈடு என்பது நியாயந்தான். அந்நிபந்தனை பொடியெழுத்துக்களுள் ஒளிந்திருப்பதுதான் நியாயமன்று.

தகரத்தின் கணக்கு இவ்வளவில் முடிந்துவிடும். துவிச்சக்கர வண்டியிற் சென்ற கூலித் தொழிலாளி ஒருவர் காரில் அடிபட்டு இறந்தாரெனக் கொள்க. சாரதியின் கவனயீனத்தை அவர் மனைவி நிரூபித்தாக வேண்டும். இவ்வழக்குகளை ஆளும் உரோம-டச்சுச் சட்டம் 2019 வரை கேட்டதெல்லாம், இறந்தவர் எவ்வளவு உழைத்தார், அதில் எவ்வளவு வீட்டுக்கு வந்தது, இன்னும் எத்தனை ஆண்டு உழைத்திருப்பார் என்பவற்றையே. நாட்கூலிக்குச் சம்பளச் சீட்டு ஏது? மனைவியின் துயரத்துக்கோ அக்கணக்கில் அப்போது இடமேயிருக்கவில்லை. உழைக்கத் தொடங்காத பள்ளிச் சிறுவன் மாண்டால், பெற்றோர் அன்று காட்டக்கூடியதாயிருந்த இழப்பு வைத்தியச் செலவு, ஈமச் செலவு போன்ற சொற்பமே. பிள்ளையின் தோழமையை இழந்தமைக்கு இச்சட்டத்தின்கீழ் நட்டஈடு கோரவியலாதென 2001இல் உயர் நீதிமன்றம் ஒரு வைத்தியக் கவனயீன வழக்கிலே தீர்த்தது. 2019இல் சட்டம் மாறும்வரை தெரு விபத்துக்கும் அதுவே சட்டமாயிருந்தது.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடக்கூடும். இதனை நன்கறிந்த கம்பனி, வெளியிலேயே ஒரு தொகையை முன்வைக்கும். முழுமையான இறுதித் தீர்வென எழுதிய பத்திரத்தில் ஒப்பமிட்டால் பணம் கிடைக்கும். பின்னர் ஒரு சதமேனும் கேட்கவியலாது. ஒரு பக்கம் சட்டத்தரணிகளும் பொறுத்திருக்கப் போதிய காலமும். மறு பக்கம் நாளைய அரிசிக்கு வழியறியாத ஒரு பெண். இதனை இணக்கம் என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியோருக்கென்றே இருக்கின்றது. பேனாவைக் கையில் எடுக்குமுன் அங்கே போகும்படி அப்பெண்ணுக்குச் சொல்ல, இழவு வீட்டுக்கு வந்தவர்களுள் ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும்.