இரண்டு ரின், ஒரு வாளி

இரண்டு ரின் போட்டால் வெறி இரண்டு மடங்காகும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். முதலே சொல்லிவிடுகிறோம்: ஆகாது. இரண்டு மடங்காகிறது வேறொன்று.

நாங்கள் மூன்று பேர். மெல்பேர்ணில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து படிக்கிறோம். மூன்று பேரும் கலைப்பீடம். விஞ்ஞானம் ஓ.எல் சோதனையோடு கைகழுவின பாடம். அந்தப் புத்தகத்தில் 'மதுவம்' என்று ஒரு சொல் இருந்தது. பாணுக்குப் போடுகிற ஈஸ்ட்தான் அது என்பது, இங்கே வந்து வாளிக்கு முன்னால் நிற்கும்போதுதான் எங்களுக்கு ஓடி வெளித்தது.

இங்கே கடையில் பியர் விலை. பாதி வரி மாதிரி இருக்கும். ஆனால் சொந்தப் பாவனைக்கு வீட்டிலேயே பியர் செய்தால் வரியும் இல்லை, அனுமதியும் தேவையில்லை. (சாராயம் வடிக்கிறது வேறு கதை. அதற்கு அனுமதி வேணும், அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை.) ஊரில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்குப் பயந்து பற்றைக்குள் செய்கிற வேலையை, இங்கே ஆட்கள் சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். அதற்கான சாமானைக் கடையில் ரின்னில் அடைத்து விற்கிறார்கள்.

ரின்னுக்குள் இருப்பது கட்டிப் பாகு. பார்லியை முளைக்கவைத்து உலர்த்தினால் அது மோல்ட். அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து இனிப்பை இறக்கி, ஹொப்ஸ் என்கிற கொடியின் பூவால் கசப்பேற்றி, பிறகு தண்ணீரை ஆவியாக்கினால் இந்தப் பாகு வரும். 1862இல் இருந்து அடிலெய்டில் பியர் செய்கிற கூப்பர்ஸ் குடும்பக் கம்பனியின் ரின் 1.7 கிலோ. மூடிக்குக் கீழே ஒரு சின்னப் பக்கற் ஈஸ்ட். பாகை வாளியில் ஊற்றி, ஒரு கிலோ சீனி போட்டு, 23 லீற்றர் வரும்வரை தண்ணீர் விட்டு, ஈஸ்டைத் தூவி மூடிவைக்க வேண்டியதுதான். கொத்துரொட்டி போடுவதைவிட லேசு.

முதல் வாளி அப்படித்தான் செய்தோம். குடிக்கலாம். ஆனால் தண்ணியாக, வாயில் நிற்காமல் ஓடுகிற சாமான். காரணம் அந்த ஒரு கிலோ சீனி. ஈஸ்ட் சீனியை மிச்சமில்லாமல் தின்றுவிடும். வெறி தரும், ஆனால் வாயில் தங்குகிற தடிப்பைத் தராது. மோல்ட்டில் ஈஸ்டால் தின்ன முடியாத இனிப்பும் கொஞ்சம் இருக்கிறது. அது கடைசிவரை நின்று பியருக்கு உடம்பு கொடுக்கும்.

எங்களுக்கு வேண்டியிருந்தது லயன் ஸ்டவுட் மாதிரி ஒன்று. கறுப்பாக, தடிப்பாக, எட்டு வீதத்துக்குக் குறையாமல். அப்போதுதான் ஒரு கடையில் திகதி முடியக் கிட்டின ரின்களை அரைவிலைக்குப் போட்டிருந்தார்கள். ஒரு லாகரும் ஒரு ஸ்டவுட்டும் எடுத்தோம். இரண்டையும் ஒரே வாளிக்குள் ஊற்றுகிற முறைக்கு இங்கே 'டூக்கன்' என்று பேர். பெரிய சொண்டு வைத்த அந்தப் பறவையின் பேர்தான், ஆனால் ஆங்கிலத்தில் 'இரண்டு ரின்' என்று சொன்னாலும் அப்படித்தான் கேட்கும். ஆட்களுக்குப் பகிடி.

ஜனவரி மாதம், நல்ல வெயில், கராஜுக்குள் முப்பது பாகைக்கு மேல். பழைய ஈஸ்ட் செத்திருக்குமோ என்று பயந்து இரண்டு பக்கற்றையும் போட்டோம். ஒன்றும் செத்திருக்கவில்லை. அடுத்த நாள் காலமை கராஜைத் திறந்தால், மூடியில் செருகின காற்றுக்குழாயால் கபில நிற நுரை பொங்கி, வாளியால் வழிந்து, சீமெந்துத் தரையில் போய், மூலையில் அடுக்கியிருந்த எங்கட சப்பாத்துகளுக்குள்ளும் நிரம்பியிருந்தது. ஊரில் பொங்கல் பானை பொங்கினால் சந்தோசப்படுவோம். இதுக்கு என்ன செய்கிறது? அன்றைக்குப் பாட்டா செருப்போடுதான் விரிவுரைக்குப் போனோம்.

நீரமானி கணக்குத்தான் எங்களை முதலில் விழுத்தினது. தண்ணீரில் அது 1.000 காட்டும். இனிப்புக் கூடக் கூட எண் ஏறும். எங்கள் இரட்டை ரின் வாளி தொடங்கும்போது காட்டினது 1.044. முதல் வாளி, அதாவது ஒரு ரின்னும் ஒரு கிலோ சீனியும், காட்டினது 1.038. இவ்வளவு காசைக் கொட்டி ஆறு புள்ளிதான் ஏறியிருந்தது. யோசித்தால் விளங்கும்: இரண்டாவது ரின் வந்தபோது சீனியை நாங்கள் விட்டுவிட்டோம். சீனியின் இடத்தில் மோல்ட் வந்து குந்தினது, அவ்வளவுதான். முடிவில் 1.012. போத்தலில் போடுகிற சீனியையும் சேர்த்தால் வெறி நாலரை வீதம். முதல் வாளியும் கிட்டத்தட்ட அதேதான். எட்டு வீதம் வேணுமென்றால் தண்ணீரைப் பாதியாகக் குறைத்திருக்க வேணும்.

இரண்டு மடங்கானது கசப்பு.

பாகிலே ஹொப்ஸ் ஏற்கனவே சேர்ந்திருக்கிறது என்று மேலே சொன்னோமே, அதை நாங்கள் மறந்துவிட்டோம். ஒவ்வொரு ரின்னும் தன்னுடைய முழு வாளிக்குரிய கசப்பைக் கொண்டுதான் வருகிறது. கணக்கு லேசு: ரின்னின் கசப்பு எண்ணை 1.7ஆல் பெருக்கி, லீற்றரால் பிரிக்க வேண்டியது. லாகர் ரின் 390, ஆகவே 23 லீற்றரில் 29 அளவு. ஸ்டவுட் 710, ஆகவே 52 அளவு. கூட்டினால் 81. கடையில் வாங்குகிற சாதாரண லாகர் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் நிற்கும். வேப்பம்பூ வடகத்தைக் கரித்துச் சாப்பிட்ட மாதிரி ஒன்றை, முப்பது போத்தல் நிறையச் செய்துவைத்திருந்தோம்.

ஆனால் இதெல்லாம் போத்தலைத் திறந்த பிறகு தெரிந்தது. அடைத்த அன்றைக்கு எங்களுக்குப் பெருமை. மூன்று பேரும் ஆளுக்கொரு போத்தலைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து முகநூலில் போட்டோம், மூன்று பேரின் பேரையும் இணைத்து.

இதற்கு மேல் எழுதலாமா என்று எங்களில் ஒருவனைக் கேட்டோம். எழுதுங்கோ, ஆனால் மூன்று பேரில் ஆர் எண்டு மட்டும் எழுத வேண்டாம் என்றான். இந்தக் கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்று இருப்பதற்குக் காரணம் அதுதான்.

படத்துக்குக் கனக்க விருப்பம் விழுந்தது. எங்களில் ஒருவனின் பெரியம்மா 'கெட்டிக்காரப் பிள்ளையள்' என்று எழுதினா. இன்னொருவனின் மாமா, வரும்போது தனக்கும் இரண்டு போத்தல் கொண்டுவரச் சொன்னார். பின்னேரம்போல, ஊரில் எங்களோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவன் சிரிப்பு முகங்கள் நாலு போட்டு எழுதினான்: 'பரம்பரைத் தொழில் விடாது போல.'

மூன்று பேர் நிற்கிற படம். அது ஆருக்கு எழுதினது என்று ஊரில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்களில் ஒருவனின் அப்பப்பா வடமராட்சியில் பனை சீவினவர். பதினாலு வயதில் தளநார் போட்டு ஏறத் தொடங்கி, காலமையும் பின்னேரமுமாக ஐம்பது வருசம். அவரிடம் கள்ளு வாங்கின வீடுகளில் அவருக்குத் தண்ணீர் சிரட்டையில்தான் கிடைத்தது. அவரின் மகன் படித்து ஆசிரியரானார். அவர் அந்தக் குடும்பத்தில் செய்த முதல் வேலை, கத்திக்கூட்டையும் தளநாரையும் வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்றதுதானாம்.

அடுத்த நாள் அந்த அப்பாவின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் இருந்ததால் மற்ற இரண்டு பேரும் கேட்டோம். "படத்தை எடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவங்கள் செய்தா விளையாட்டு எண்டுவினம். நீ செய்தா வேற பேர் சொல்லுவினம். உனக்கு விளங்கேல்லையோ?"

உண்மையைச் சொன்னால் மற்ற இரண்டு பேருக்கும் முதலில் விளங்கவில்லை. அப்பாமார் எல்லாரும் இப்படித்தான், குடி எண்டாலே பயம், என்று சமாதானம் சொன்னோம். அந்தக் கருத்தை எழுதினவனுக்கு நீட்டாகப் பதில் எழுதினோம், சாதி பற்றி, தொழில் பற்றி, படித்த சொற்கள் எல்லாம் போட்டு. அவன் வாசித்துவிட்டு அழிக்கச் சொன்னான். "நீங்கள் எழுதினா நீங்கள் நல்லாக்கள். கீழ எல்லாரும் வந்து வாசிக்கப் போறது என்ர பேரைத்தான்." அழித்தோம். படத்தையும் எடுத்தோம். பெரியம்மா, ஏன் எடுத்தனீங்கள், வடிவா இருந்ததே என்று கேட்டா. அவவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவ வளர்ந்த வீட்டின் பின்வேலிப் பொட்டுக்கால்தான் கள்ளு முட்டி உள்ளே போனது என்பதை அவவே எங்களுக்குப் பகிடியாகச் சொல்லியிருக்கிறா.

அதன்பிறகு கொஞ்ச நாள் வீட்டில் அந்தரம். மாசிக் கடைசியில் முதல் போத்தலைத் திறந்து, ஆளுக்கு ஒரு மிடறு குடித்து, சிங்கில் ஊற்றினோம். மிச்சத்தைப் பெட்டிகளில் போட்டுப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளிவிட்டோம்.

மூன்றாவது வாளியை இரண்டு பேர்தான் செய்தோம், ஏப்ரலில். இந்தமுறை லாகர் ரின் ஒன்று, அதோடு ஹொப்ஸ் சேராத வெறும் மோல்ட் பாகு ஒன்றரைக் கிலோ. அந்த வகை ரின்னும் விற்கிறார்கள். விசயம் தெரியாவிட்டால் கண்ணில் படாது. கசப்பு 29இலேயே நிற்க, மோல்ட் மட்டும் கூடுகிறது. இரண்டு ரின்னைக் கலக்க ஆசைப்படுகிற ஆருக்கும் நாங்கள் சொல்லக்கூடியது இதுதான். இல்லை, கசப்பேறின இரண்டையும்தான் கலக்கப்போகிறீர்கள் என்றால் கசப்புக் குறைந்த இரண்டாகப் பாருங்கோ, முதலில் கணக்கைக் கடதாசியில் போடுங்கோ. வெயில் காலத்தில் வாளியை ஈரச்சாக்கால் சுற்றுங்கோ, இருபது பாகைக்குக் கிட்டக் கொண்டுவரப் பாருங்கோ. நீரமானி இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணில் நிற்காமல் போத்தலில் அடைக்கவே வேண்டாம். கண்ணாடிப் போத்தல் வெடித்தால் பகிடியில்லை.

அடைக்கிற அன்றைக்கு அவன் குசினி வாசலில் வந்து நின்றான். போத்தல்களை நாங்கள் கழுவின விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் திருப்பிக் கழுவினான். அப்பப்பாவோடு கதைத்தானாம். அவருக்கு எண்பது வயது, அவர் தன் வாழ்க்கையில் ஒரு சொட்டும் குடிக்காத மனிதர். இப்படி ரின்னில் பாகு விற்கிறாங்கள் என்றதும் அவருக்குச் சிரிப்பு. "ஈஸ்டைக் காசு குடுத்தோ வாங்குறீங்கள்?" என்று கேட்டாராம். கள்ளுக்கு அது காற்றிலும் முட்டியிலும் தானாக வரும். வராமல் தடுக்கத்தான் பாடு. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு. கள்ளு முட்டியை ஒருநாள் வடிவாகக் கழுவாமல் விட்டால் அடுத்த நாள் புளித்த சாமான்தான். பிறகு அவர் கேட்டது, "வாளியை என்னத்தால கழுவுறீங்கள்?" அதைப் பற்றியே பத்து நிமிசம் கதைத்திருக்கிறார். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாராம்.

ஜூலையில், நல்ல குளிருக்குள், படிக்கட்டுக்குக் கீழே ஹீற்றர் தேடப்போய் அந்தப் பெட்டிகளைக் கண்டோம். எறிவதற்கு முன் ஒன்றைத் திறந்து பார்ப்போம் என்று திறந்தால், கசப்பு இறங்கியிருந்தது. போகவில்லை, இறங்கியிருந்தது. ஹொப்ஸின் கசப்பு காலத்தோடு சிதையும். ஸ்டவுட்டின் கரி வாசமும் ஆறு மாதத்தில் கோப்பி மாதிரி ஆகிவிட்டது. லயன் ஸ்டவுட் இல்லை, கிட்டவும் இல்லை. ஆனால் ஒரு போத்தலை மூன்று பேரும் முடித்தோம், பிறகு இன்னொன்றையும்.

படம் எடுக்கவில்லை. அவன் கொப்பியில் திகதி போட்டு, 'டூக்கன், ஆறு மாதம், குடிக்கலாம்' என்று எழுதிவிட்டு, பெட்டிகளை எண்ணினான். இன்னும் இருபத்தாறு போத்தல் இருக்கிறது. கார்த்திகை வரைக்கும் தொடுவதில்லை என்று முடிவு.