13 வருடம் காத்திருந்த யோசனை... வாஷிங்டன் ஆற்றங்கரையில் ஒரு ரேடார் கதை!

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போன அப்பா, அம்மாக்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இந்த நாள்களில் ஒரு படம் தவறாமல் வரும். வாஷிங்டன் நகரில், பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்களின் கீழே குடும்பமாக நிற்கும் படம்!

டைடல் பேசின் என்ற நீர்நிலையைச் சுற்றிப் பூ பார்த்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் காரில் ஏறிவிடுவார்கள். அங்கிருந்து பூங்கா வழியாகவே சில கிலோமீட்டர் தெற்கே போனால், நிலம் குறுகிக்கொண்டே வந்து தண்ணீருக்குள் ஒரு முனையாக முடிகிறது. அதன் பெயர் ஹெய்ன்ஸ் பாயின்ட். ஒரு பக்கம் பொட்டோமேக் ஆறு, இன்னொரு பக்கத்திலிருந்து வந்து சேரும் அனகோஸ்டியா ஆறு. எதிர்க்கரையில் ரீகன் விமான நிலையம். தரையிறங்கும் விமானங்கள் தாழப் பறந்து போவதைப் பார்த்துக் குழந்தைகள் கை காட்டுவார்கள். மீன் பிடிப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், மடக்கு நாற்காலியில் பேப்பர் படிக்கும் தாத்தாக்கள் என்று சாதாரணமான ஓர் ஆற்றங்கரைதான்.

ஆனால் 1922 செப்டம்பரில் இந்த முனையில் நடந்த விஷயம், போர்க்கப்பல்களின் கண்ணையே மாற்றியது. அதற்கு 13 வருடம் தாமதமானதுதான் கதை!

குறுக்கே வந்த கப்பல்

அப்போது அனகோஸ்டியா கரையில் அமெரிக்கக் கடற்படையின் சிறிய ரேடியோ ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் ஹோய்ட் டெய்லர், லியோ யங். டெய்லர் படித்துப் பட்டம் பெற்ற இயற்பியல் அறிஞர். யங், ஒஹையோ மாநிலத்தின் பண்ணை வீட்டில் வளர்ந்து, தானாகவே ரேடியோ கற்றுக்கொண்டவர்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு ரேடியோ ஒலிபரப்பியை ஓட விட்டுவிட்டு, அதன் அலையைப் பிடிக்கும் கருவியை ஹெய்ன்ஸ் பாயின்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கருவியிலிருந்து சீரான ஒலி வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் 'டார்செஸ்டர்' என்ற மரத்தாலான நீராவிக் கப்பல் ஆற்றில் வந்தது. கப்பல் நெருங்கியதும் ஒலி பெரிதானது. குறுக்கே வந்ததும் பாதியாகக் குறைந்தது. கடந்து போனதும் மறுபடி ஏறியது.

இருவருக்கும் புரிந்துவிட்டது. கண்ணால் பார்க்காமலேயே கப்பல் வருவதைச் சொல்ல முடியும்! செப்டம்பர் 27-ம் தேதி மேலிடத்துக்குக் கடிதம் போனது. நாசகாரிக் கப்பல்கள் சிலவற்றில் இந்தக் கருவிகளைப் பொருத்தி வரிசையாக நிறுத்தினால், அவற்றுக்கு நடுவே எதிரிக் கப்பல் புகுந்தால் தெரிந்துவிடும். இருட்டு, பனிமூட்டம், புகைத்திரை எதுவும் அதை மறைக்க முடியாது என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அந்த யோசனையை மேலிடம் கையில் எடுக்கவே இல்லை.

யாரையும் முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. முதல் உலகப்போர் முடிந்திருந்த நேரம். அதே 1922 பிப்ரவரியில், அதே வாஷிங்டன் நகரில், பெரிய நாடுகள் கூடிப் போர்க்கப்பல்களுக்கு வரம்பு போட்டு ஒப்பந்தம் செய்திருந்தன. இருக்கும் கப்பல்களையே குறைக்கும் காலத்தில், இல்லாத கருவிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

எடிசன் போகாத திறப்பு விழா

ஹெய்ன்ஸ் பாயின்ட்டிலிருந்து ஆறு ஓடும் திசையிலேயே இன்னும் சில கிலோமீட்டர் தெற்கே போனால், கிழக்குக் கரையில் பெல்வியூ பகுதி. கடற்படை ஆராய்ச்சிக் கூடம் இருப்பது இங்கேதான். பொதுமக்கள் நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. பிரதான வாசல் பக்கம் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. அது மின்விளக்குப் புகழ் தாமஸ் ஆல்வா எடிசன்!

கடற்படைக்கும் எடிசனுக்கும் என்ன சம்பந்தம்? 1915-ல் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று 'லூசிடானியா' பயணிகள் கப்பலை மூழ்கடித்து உலகையே அதிரவைத்தது. அடுத்த சில வாரங்களில் எடிசன் ஒரு பத்திரிகைப் பேட்டி கொடுத்தார். போர் வந்த பிறகு ஆயுதம் தேடி ஓடக் கூடாது. அமைதிக் காலத்திலேயே அரசு பெரிய ஆராய்ச்சிக்கூடம் அமைத்து, வேண்டியதைச் சோதித்துத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதைப் படித்த கடற்படை அமைச்சர் ஜோசஃபஸ் டேனியல்ஸ், எடிசனையே ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராக்கினார். 1916-ல் நாடாளுமன்றம் 10 லட்சம் டாலர் ஒதுக்கியது.

பணம் வந்ததும் சண்டையும் வந்தது. ஆய்வுக்கூடம் நியூஜெர்சியின் சாண்டி ஹூக்கில் அமைய வேண்டும், அதிகாரிகள் இல்லாமல் விஞ்ஞானிகளே நடத்த வேண்டும் என்றார் எடிசன். மற்றவர்கள் ஒப்பவில்லை. அதற்குள் அமெரிக்காவும் போரில் இறங்க, கட்டடம் தள்ளிப்போனது. கடைசியில் இடம் வாஷிங்டன் என்று முடிவானது. மனம் கசந்த எடிசன் 1921-ல் குழுவிலிருந்து விலகினார். 1923 ஜூலை 2-ம் தேதி ஆராய்ச்சிக்கூடம் திறக்கப்பட்டபோது அவர் அங்கே இல்லை. இப்போது நிரந்தரமாக வாசலில் இருக்கிறார்!

டெய்லரும் யங்கும் இந்தப் புதிய இடத்துக்கு மாறினார்கள். அவர்கள் யோசனையும் கூடவே வந்தது. ஆனால் அதற்கென்று பணம் வரவில்லை.

ஒரு லட்சம் டாலர்

1930 ஜூன். அதே ஆய்வுக்கூடத்தின் லாரன்ஸ் ஹைலண்ட், திசை அறியும் ஆன்டெனா ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். மேலே விமானம் பறக்கும்போதெல்லாம் கருவியில் முள் ஆடியது. கப்பல் மட்டுமல்ல, விமானமும் அகப்படும் என்று தெரிந்தது. மறுபடி அறிக்கை போனது. இந்த முறை 'ஆராய்ச்சி செய்யுங்கள்' என்று அனுமதி வந்தது. கூடுதல் பணம்? அது வரவில்லை. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. இருக்கும் வேலைகளுக்கு நடுவே, மிச்ச நேரத்தில்தான் இதைப் பார்க்க வேண்டியிருந்தது.

1934-ல் யங் புதிய வழி சொன்னார். அலையைத் தொடர்ந்து அனுப்பாமல், விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பலாம். மலைக்கு எதிரே நின்று கத்தினால் எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்கு! இளம் பொறியாளர் ராபர்ட் பேஜ் அதைச் செய்து பார்த்தார். டிசம்பரில் பொட்டோமேக் ஆற்றின் மேலே பறந்த சிறு விமானத்தின் எதிரொலி கிடைத்தது. கருவி திக்கித் திணறியது. ஆனால் வழி சரி என்று தெரிந்தது.

1935-ல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் நாடாளுமன்ற நிதிக் குழுவையே அணுகினார்கள். அந்தக் குழுவில் இருந்த நெவாடா மாநில உறுப்பினர் ஜேம்ஸ் ஸ்க்ரூகம், ஒரு காலத்தில் பொறியியல் பேராசிரியர். சொன்னதும் புரிந்துகொண்டார். ஒரு லட்சம் டாலர் கிடைத்தது.

அதன் பிறகு வேலை ஓடியது. 1936 ஏப்ரலில் இரண்டரை மைல் தூரத்தில் விமானத்தைப் பிடித்தார் பேஜ். சில வாரங்களில் அது 25 மைல் ஆனது. 1939 தொடக்கத்தில் 'நியூயார்க்' போர்க்கப்பலில் வைத்துக் கரீபியன் கடலில் சோதித்தபோது, சுமார் 100 மைல் தள்ளி வந்த விமானமும் தெரிந்தது. 1940-ல் கடற்படை இதற்கு ஒரு பெயர் வைத்தது: ரேடார். 1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கியபோது, அதன் சுமார் 20 போர்க்கப்பல்களில் இந்த ரேடார் பொருத்தப்பட்டிருந்தது.

ரேடாரை அமெரிக்கா மட்டும் கண்டுபிடிக்கவில்லை. பிரிட்டனும் ஜெர்மனியும் அதே வருடங்களில் தனித்தனியாக உருவாக்கின. ஆனால் ஹெய்ன்ஸ் பாயின்ட்டில் 1922-லேயே கதவு திறந்திருந்தது. உள்ளே நுழையத்தான் 13 வருடம் ஆனது.

விதைநெல் கணக்கு

இந்த அனுபவமும் போர் சொல்லிக்கொடுத்த பாடங்களும் சேர்ந்து 1946-ல் ஒரு சட்டமாயின. கடற்படை ஆராய்ச்சிக்கென்றே தனி அலுவலகம் பிறந்தது. இன்று அது வாஷிங்டனுக்கு ஆற்றின் மறுகரையில், ஆர்லிங்டனின் பால்ஸ்டன் பகுதியில் இருக்கிறது. கடைகளும் ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் நிறைந்த பகுதி. வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு ஆபீஸ் கட்டடம், அவ்வளவுதான்!

உள்ளே நடப்பது பணத்தைப் பங்கு போடும் வேலை. முதல் பங்கு, பயன் இன்னதென்று இப்போது சொல்ல முடியாத அடிப்படை ஆராய்ச்சிக்கு. இரண்டாவது, அந்த அறிவை ஒரு தேவையோடு பொருத்திப் பார்ப்பதற்கு. மூன்றாவது, மாதிரிக் கருவி செய்து சோதிப்பதற்கு. இந்த மூன்றும் தாண்டிய பிறகுதான் கப்பலில் பொருத்தும் பேச்சு. பட்ஜெட்டோ வருடா வருடம் நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும். இழுபறி வந்தால், எப்போது பலன் தரும் என்று சொல்ல முடியாத முதல் பங்குக்காகப் பேச ஆள் குறைவு. வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார் நம்மூர் விவசாயி. அரசாங்கங்களுக்கு அந்த மன உறுதி எப்போதும் இருப்பதில்லை.

விதைத்ததெல்லாம் முளைக்கும் என்றும் இல்லை. 1957 டிசம்பரில் 'வேன்கார்ட்' திட்டத்தின் ராக்கெட், சுமார் ஒரு மீட்டர் எழும்பி அப்படியே விழுந்து வெடித்தது. பத்திரிகைகள் கேலி செய்தன. தூக்கி எறியப்பட்டு நசுங்கிய அந்தக் குட்டி செயற்கைக்கோள் இன்று ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. சுமார் மூன்று மாதத்தில், 1958 மார்ச் 17-ம் தேதி, இன்னொரு வேன்கார்ட் மேலே போனது. ஒன்றரைக் கிலோகூட எடையில்லாத அது, இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. விண்வெளியில் இருக்கும் மனிதப் படைப்புகளிலேயே மூத்தது அதுதான்!

அந்தத் திட்டத்தில் செயற்கைக்கோளைப் பின்தொடரும் ஏற்பாட்டைச் செய்தவர்களில் ஒருவர் பெல்வியூ ஆய்வுக்கூடத்தின் ரோஜர் ஈஸ்டன். துல்லியமான கடிகாரங்களை விண்வெளிக்கு அனுப்பினால் கப்பல் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று அவர் யோசித்தார். 1967-ல் அதற்கான முதல் சோதனைச் செயற்கைக்கோள் பறந்தது. பின்னாளில் ஜி.பி.எஸ். உருவாக உதவிய முக்கியமான வேர்களில் ஒன்று அது.

ஹெய்ன்ஸ் பாயின்ட்டுக்கு வழி தேடி செல்போனில் மேப்பைத் திறந்தால், நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் அந்த நீலப் புள்ளிக்குப் பின்னாலும் இந்த ஆற்றங்கரையின் பங்கு இருக்கிறது. அதே ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துத்தான் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுக்காரர், நடுராத்திரியில் எல்லைக்கோடு எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுகிறார்.

அடுத்த முறை வாஷிங்டன் போகிறவர்கள், செர்ரிப் பூ பார்த்த கையோடு அரை மணி நேரம் இந்த முனைக்கும் ஒதுக்கலாம். டிக்கெட் கிடையாது, 1922-ல் நடந்ததை நினைத்துப் பார்க்க ஓர் ஆறு மட்டும் உண்டு. படகு ஒன்று குறுக்கே போகும் வரை காத்திருந்து பாருங்கள்!